சிறையிலிருந்து வரும் படைவீரரின் வி.ஏ. தொகை: எந்தத் தேதி கணக்கு?

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் இருந்த என் தம்பிக்கு வி.ஏ. (அமெரிக்கப் படைவீரர் நலத்துறை) 60 சதவீத டிசெபிலிட்டி, அதாவது பணியால் வந்த உடல்பாதிப்பு என்று மதிப்பிட்டு மாதத் தொகை கொடுத்திருந்தது. ஃபெலனி (கடுங்குற்ற) வழக்கில் சிறைக்குப் போனபின் தொகை குறைந்துவிட்டது. அடுத்த மாதம் ஹாஃப்வே ஹவுஸுக்கு (தண்டனையின் கடைசிக் காலத்தில் தங்கவைக்கும் விடுதி) மாற்றுகிறார்கள். முழுத் தொகை எப்போது வரும்? புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒருவர் பெருந்தொகை கேட்கிறார்.

பதில்: அவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். தம்பியின் 60 சதவீதம் எங்கும் போய்விடவில்லை. ஃபெலனி தண்டனையில் 61ஆம் நாளிலிருந்து 10 சதவீதத்துக்குரிய தொகையை மட்டும் தருவார்கள், அவ்வளவுதான். புது விண்ணப்பம் தேவையில்லை. வெளியே வந்துவிட்டார் என்று வி.ஏ.வுக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும். படைவீரர் சங்கங்களில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதைக் காசு வாங்காமல் செய்து தருவார்கள். அங்கீகாரம் உள்ளவரா என்று வி.ஏ. இணையதளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். அதற்குமுன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ வங்கிக் கணக்கையோ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பலரும் ஏமாறும் இடம் ஹாஃப்வே ஹவுஸ்தான். சிறைத்துறைக்கு அவர் அங்கேயும் கைதி. வி.ஏ. விதிப்படி, அங்கே போன நாளே விடுதலை நாள். பரோலும் அப்படித்தான். ஆனால் சிறையில் தரும் தாளில் 'விடுதலை தேதி' என்ற இடத்தில் தண்டனை முழுதாக முடியும் நாள், பல மாதம் தள்ளி, இருக்கலாம். அதை அப்படியே அனுப்பினால் அந்த மாதங்களின் பணம் நின்றுபோகும். மாற்றப்படும் தேதியைக் குறிப்பிட்டுத் தனிக் கடிதம் கேட்டு வாங்குங்கள். 30 நாள் முன்பே அனுப்பலாம். மாறிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் தகவல் சேர்ந்தால் அந்த நாளிலிருந்தே முழுத் தொகை கணக்காகும். தாண்டினால் தகவல் சேர்ந்த நாளிலிருந்துதான். சிறைக்குப் போன தகவல் கணினி வழியே வி.ஏ.வுக்குத் தானாகப் போகிறது. வெளியே வந்ததை மட்டும் குடும்பம்தான் கடிதத்தோடு போய் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாகியும் இதைச் சரிசெய்யாதது அநியாயம்.

பழைய வங்கிக் கணக்கு மூடப்பட்டிருக்கலாம். புதுக் கணக்கையும் முகவரியையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். 61ஆம் நாளுக்குப் பின்னும் முழுத் தொகை வந்திருந்தால் அது கடனாக நிற்கும், வரும் பணத்தில் பிடிப்பார்கள். கடன் கடிதம் வந்த ஓராண்டுக்குள் வி.ஏ.வின் 5655 படிவத்தில் வரவு செலவைக் காட்டித் தள்ளுபடி கேட்கலாம்.

மருத்துவத்துக்கு, சிறையிலிருந்து வருபவர்களுக்கென்றே வி.ஏ. வைத்திருக்கும் ரீஎன்ட்ரி அலுவலரை இப்போதே கூப்பிடுங்கள். சிறையில் கொடுத்தனுப்பும் மாத்திரை தீருவதற்குள் முதல் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தாக வேண்டும்.