மொத்த விற்பனை வெப்சைட்டை டேலியோடு இணைப்பது: கேள்வி பதில்

கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆடை மொத்த வியாபாரிகள். வெப்சைட் ஓடுவது வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில், கணக்கு எழுதுவது டேலி பிரைமில். பதில்களும் அந்த ஜோடிக்குத்தான். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மெனுப் பெயர்கள் மாறும், சிக்கல்கள் மாறாது.

திருப்பூர், பனியன் மொத்த வியாபாரம்: சார், வெப்சைட்ல ஆர்டர் விழுந்ததும் டேலில தானா பில் போடணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

பில் போட வைக்காதீர்கள், சேல்ஸ் ஆர்டர் வவுச்சராக (வந்த ஆர்டரின் பதிவு மட்டும்) இறக்குங்கள். மொத்த வியாபாரத்தில் கேட்ட சரக்கும் கட்டுகிற சரக்கும் அப்படியே ஒத்துப்போவது அபூர்வம். 90 சைஸில் 20 டஜன் கேட்டிருப்பார், கோடவுனில் 17 இருக்கும். அதற்குள் பில் விழுந்து, இ-இன்வாய்ஸுக்கான அரசுப் பதிவு எண்ணான ஐஆர்என்னும் எடுத்திருந்தால் திருத்த வழியில்லை. 24 மணி நேரத்துக்குள் கேன்சல் செய்ய வேண்டும், தவறினால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்). ஆர்டர் தானாக இறங்கட்டும். சரக்கு கட்டி முடிந்த பிறகு, அந்த ஆர்டரைப் பார்த்து அக்கவுண்டண்ட் பில் போடட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தத் தகவலுக்கு யார் சொந்தக்காரர்? ஐட்டம் பெயர், ஸ்டாக், விலை, ஹெச்எஸ்என் (வரிக்கான சரக்குக் குறியீடு), பில் நம்பர் எல்லாம் டேலிக்கு. படம், விவரணை, ஆர்டர் இவை வெப்சைட்டுக்கு. ஒரே தகவலை இரண்டு பக்கமும் மாற்றலாம் என்று விட்டால், கடைசியாக ஓடிய சிங்க் (இரு பக்கத் தகவலையும் ஒத்துவைக்கும் ஓட்டம்) எதுவோ அதுதான் ஜெயிக்கும்.

ஈரோடு, நைட்டி–லுங்கி: 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை டேலி ஸ்டாக் வெப்சைட்டுக்குப் போகுது. அப்படியும் இல்லாத சரக்கு வித்துப்போகுது. சிங்க் வேலை செய்யலையா?

சிங்க் வேலை செய்கிறது, அதுதான் பிரச்சினை. டேலியின் குளோசிங் ஸ்டாக்கில் (கணக்குப்படி இப்போதைய இருப்பு) சேல்ஸ் ஆர்டர் கழியாது. டெலிவரி நோட்டோ பில்லோ போட்டால்தான் குறையும்.

உங்கள் கடையில் நடப்பது இதுதான். குளோசிங் 120 டஜன். வெப்சைட்டில் ஒருவர் 40 எடுக்கிறார், வூகாமர்ஸ் 80 காட்டுகிறது. கால் மணி நேரத்தில் சிங்க் ஓடி, பில் போடாததால் அசையாமல் நிற்கும் அந்த 120-ஐத் திரும்பவும் மேலே எழுதிவிடுகிறது. அடுத்தவர் 100 எடுக்கிறார். 120 டஜனுக்கு 140 விற்றாயிற்று.

அனுப்ப வேண்டிய எண் குளோசிங் ஸ்டாக் அல்ல. குளோசிங்கிலிருந்து நிலுவை சேல்ஸ் ஆர்டரைக் கழியுங்கள். கவுண்டர் விற்பனையும் அதே கோடவுனிலிருந்து போனால் கொஞ்சம் கையிருப்பும் கழித்துவிடுங்கள். ஓடும் வரிசையும் முக்கியம்: முதலில் ஆர்டர்களை டேலிக்கு இறக்கி, அது முடிந்த பிறகே ஸ்டாக்கை மேலே ஏற்ற வேண்டும். மாற்றி ஓடினால், இன்னும் இறங்காத ஆர்டர் கணக்கில் வராது.

இதைச் சரிசெய்த இரண்டு மாதத்தில் எதிர்மாறாக ஒரு புகார் வரும்: சரக்கு குவிந்து கிடக்கிறது, வெப்சைட் 'ஸ்டாக் இல்லை' என்கிறது. அக்கவுண்டண்ட் பில் போடும்போது ஆர்டர் நம்பர் கட்டத்தில் அந்த ஆர்டரைத் தேர்ந்தெடுக்காமல், ஐட்டத்தை நேரடியாக அடித்திருப்பார். பில் சரியாக இருக்கும், ஸ்டாக்கும் குறையும். ஆனால் ஆர்டர் மூடாமல் நிலுவையிலேயே நிற்கும், ஒரே சரக்கு இரண்டு முறை கழியும். வாரம் ஒருமுறை நிலுவை ஆர்டர் ரிப்போர்ட்டைத் திறந்து பாருங்கள். அனுப்பப் போவதில்லை என்று முடிவான மிச்சத்தை ப்ரீ-குளோஸ் (ஆர்டரை அத்தோடு மூடுதல்) செய்யுங்கள். பெரும்பாலான கடைகளில் தடுமாற்றம் மென்பொருளில் இல்லை, அந்த ஆர்டர் நம்பர் கட்டத்தில்தான்.

சேலம், ரெடிமேட் சட்டை: நாங்க 12 பீஸ் பாக்ஸாதான் விக்கிறோம். பாக்ஸ் 6,000 ரூபாய். வெப்சைட் 18% வரி போடுது, டேலி 5% போடுது. எது சரி?

டேலிதான் சரி. 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த ஆடைக்கு ஒரு பீஸின் விற்பனை மதிப்பு 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. உங்கள் சட்டை பீஸ் 500 ரூபாய். வெப்சைட்டில் யாரோ பாக்ஸ் விலையைப் பார்த்து 18% டாக்ஸ் கிளாஸில் போட்டிருக்கிறார்கள். பொருளின் வரி வகுப்பைப் பீஸ் விலையை வைத்து முடிவு செய்யுங்கள். அதுவும் எம்ஆர்பியை வைத்து அல்ல, நீங்கள் பில்லில் போடும் மொத்த விலையை வைத்து.

இதனால்தான் டேலியில் அடிப்படை அலகைப் பீஸாகவே வைக்கச் சொல்கிறேன். இரு பக்கமும் பேசும் எண் எப்போதும் பீஸாக இருக்கட்டும். டஜன், பாக்ஸ் எல்லாம் திரையில் காட்டுவதற்கு மட்டும். பாக்ஸ் ஒன்று என்று வெப்சைட் அனுப்ப, இரண்டையும் இணைக்கும் நிரல் 12-ஆல் பெருக்கி 12 பீஸ் என்று டேலியில் எழுத வேண்டும். ஸ்டாக் மேலே போகும்போது 12-ஆல் வகுத்து மீதியைத் தள்ளிவிட வேண்டும். 35 பீஸ் இருந்தால் 2 பாக்ஸ்தான். ரவுண்ட் செய்து 3 என்று காட்டினால் கட்டும்போது ஒரு பீஸ் குறையும்.

மதுரை, சுங்குடி: சென்னை பார்ட்டி ஆர்டர் போட்டு, சரக்கை அவரோட கொச்சி கஸ்டமருக்கு நேரா அனுப்பச் சொல்றார். வெப்சைட் ஐஜிஎஸ்டி போடுது. சரியா?

தவறு. வாங்குபவர் சொல்லி மூன்றாம் ஆளுக்கு அனுப்பும்போது, ஐஜிஎஸ்டி சட்டம் 10(1)(பி) பிரிவுப்படி வழங்கல் இடம் (வரிக்காகப் பார்க்கும் இடம்) ஆர்டர் போட்டவரின் முதன்மை வணிக இடம். சென்னைக்காரருக்கு பில் என்பதால் மாநிலத்துக்குள் விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி; மாநிலம் தாண்டினால் வரும் ஐஜிஎஸ்டி அல்ல. வூகாமர்ஸ் இயல்பில் டெலிவரி முகவரியைப் பார்த்து வரி போடும். டாக்ஸ் செட்டிங்கில் அதை பில்லிங் முகவரிக்கு மாற்றுங்கள். ஜிஎஸ்டிஐஎன்னை (வாங்குபவரின் ஜிஎஸ்டி பதிவு எண்) செக்அவுட்டில் கட்டாயமாக்கி, அதன் முதல் இரண்டு இலக்கமும் பில்லிங் மாநிலமும் பொருந்துகிறதா என்று அங்கேயே சோதியுங்கள். தமிழ்நாடு 33, கேரளா 32, கர்நாடகா 29. கொச்சியில் இருப்பது அவருடைய சொந்தக் கிளையாகவே இருந்து, அதற்குத் தனி ஜிஎஸ்டிஐஎன் இருந்தால் கதை வேறு. பில்லை அந்த நம்பருக்குப் போட வேண்டுமா என்று உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

கரூர், பெட்ஷீட்: வெப்சைட் எங்கேயோ சர்வர்ல இருக்கு, டேலி கடை கம்ப்யூட்டர்ல இருக்கு. ரெண்டும் எப்படிப் பேசும்?

டேலி பிரைமில் F1 அழுத்தி, செட்டிங்ஸ், கனெக்டிவிட்டி போங்கள். அதைச் சர்வராக இயங்க விட்டு போர்ட் (மற்ற நிரல்கள் நுழையும் வாசல் எண்) 9000 கொடுங்கள். அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியோடு 9000 போட்டுத் தட்டினால், சர்வர் ஓடுவதாக ஒரு வரி பதில் வரும். எக்ஸ்எம்எல் (தகவலைக் குறிகளோடு எழுதும் கோப்பு வடிவம்) எல்லாம் இந்த வழியாகத்தான் போய்வரும்.

இந்தப் போர்ட்டை ரவுட்டரில் இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் கணக்குப் புத்தகத்தைத் தெருவில் விரித்துவைப்பதுபோல் ஆகிவிடும். கடை கம்ப்யூட்டரில் ஒரு சின்ன நிரல் ஓடட்டும். அதுவே 5 அல்லது 10 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே போய் வூகாமர்ஸ் ஏபிஐயில் (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி) 'இந்த நேரத்துக்குப் பிறகு மாறிய ஆர்டர்கள்' என்று கேட்டு வாங்கி வந்து டேலிக்குக் கொடுக்கட்டும். ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 100 ஆர்டர்தான் வரும், அதனால் அடுத்த பக்கமும் கேட்க எழுதுங்கள். தீபாவளி நேரத்தில்தான் இது தெரியவரும்.

வெப்ஹூக்கை (ஆர்டர் விழுந்ததும் வூகாமர்ஸ் தானே அனுப்பும் தகவல்) மட்டும் நம்ப வேண்டாம். கரண்ட் போய் பதில் இல்லாமல் தொடர்ந்து 5 முறைக்கு மேல் தோற்றால், வூகாமர்ஸ் அந்த வெப்ஹூக்கை அணைத்துவிடும். கேட்டு வாங்கும் முறையில், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

திருப்பூர், எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்: சில ஆர்டர் டேலில ரெண்டு தடவ ஏறுது, சிலது ஏறவே இல்ல.

இரண்டு தடவை ஏறுவது: டேலி வவுச்சரை ஏற்றிவிட்டது, பதில் திரும்பி வருவதற்குள் நிரல் டைம்அவுட் (காத்திருக்கும் நேரம் முடிதல்) ஆகிவிட்டது, நிரல் மறுபடி அனுப்பியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் வெப்சைட் ஆர்டர் நம்பரையே மாறாத அடையாளமாக வவுச்சரில் எழுதுங்கள். மறுபடி அனுப்புமுன் அந்த நம்பர் டேலியில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏறியதும் வூகாமர்ஸ் ஆர்டரிலும் டேலி வவுச்சர் நம்பரைக் குறித்துவையுங்கள்.

ஏறாமல் போவதற்குக் காரணம் டேலி தரும் பதிலிலேயே 'லைன்எரர்' வரியில் இருக்கும். ஏறிய வவுச்சர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு அதைப் படிக்காத நிரல்கள் ஏராளம். பெரும்பாலும் லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) அல்லது ஐட்டம் பெயர் இல்லை என்றிருக்கும்: யாரோ டேலியில் பெயரைத் திருத்தியிருப்பார்கள். அதனால் பெயரை வைத்து இணைக்காமல், ஐட்டத்துக்கு எஸ்கேயு (சரக்கின் அடையாளக் குறியீடு), பார்ட்டிக்கு ஒரு கோடு என்று வைத்து, அவற்றை டேலியில் அலையஸாக (மாற்றுப் பெயராக) கொடுங்கள். அடுத்தது வவுச்சர் மொத்தம் பொருந்தவில்லை என்பது: டெபிட் தொகை மைனஸில் போக வேண்டும், கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். பார்ட்டி பெயரில் '&' இருந்து, அதை எக்ஸ்எம்எல் குறியீடாக மாற்றாவிட்டால் கோப்பு முழுவதுமே படிக்கப்படாது. 'அண்ட் சன்ஸ்' பார்ட்டி எல்லோரிடமும் இருக்கிறார்.

கோவை: வெப்சைட்டுக்கும் டேலிக்கும் 40 பைசா, 60 பைசா வித்தியாசம் வந்துகிட்டே இருக்கு.

வூகாமர்ஸ் வரியை வரிசைக்கு வரிசை ரவுண்ட் செய்கிறது. சப்டோட்டலில் ரவுண்ட் செய்யும் டிக்கைப் போடுங்கள். மிச்சத்தை ரவுண்ட் ஆஃப் லெட்ஜரில் தள்ளுங்கள்.

விருதுநகர்: ஏ பார்ட்டிக்கு ஒரு விலை, பி பார்ட்டிக்கு ஒரு விலை. டேலி பிரைஸ் லெவல் அப்படியே வருமா?

வராது. வூகாமர்ஸில் சாதாரண விலை, தள்ளுபடி விலை இரண்டுதான் உண்டு. மொத்த விலை பிளக்இன் ஒன்று வேண்டும். வாங்குமுன், அது ஏபிஐ வழியாக விலையை ஏற்றவிடுகிறதா என்று கேளுங்கள். திரையில் கையால் மட்டும்தான் அடிக்க முடியும் என்றால் வேண்டாம்.

நாமக்கல்: சோதனை எப்படிச் செய்யணும்?

பேக்கப் எடுத்து, அதை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து அதில் சோதியுங்கள். லைசென்ஸ் இல்லாத எஜுகேஷனல் மோடில் சோதித்தால் மாதத்தின் 1, 2, 31 தேதி வவுச்சர்தான் ஏறும். மற்றவை ஏறாததற்கு நிரலைத் திட்ட வேண்டாம். எக்ஸ்எம்எல்லில் கம்பெனி பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் அந்த நேரத்தில் திரையில் எந்தக் கம்பெனி இருக்கிறதோ அதில் போய் விழும். ஏப்ரலில் டேட்டாவை ஸ்ப்ளிட் (நிதியாண்டுப்படி பிரித்தல்) செய்பவர்களுக்குக் கம்பெனி பெயரே மாறிவிடும், அன்றைக்கு நிரலிலும் பெயரை மாற்ற வேண்டும்.