கார்ட்டர் எழுதிய தானப் பத்திரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வர்ஜீனியாவின் கார்ட்டர் குடும்பம் பற்றி ஒரு கேள்வி. ‘கிங்’ கார்ட்டரின் பேரன் தன் அடிமைகள் எல்லாரையும் ஒரே நாளில் விடுதலை செய்தாராமே? வாஷிங்டனே உயிரோடு இருந்தவரை செய்யாததை இவர் எப்படிச் செய்தார்?

கே.

அன்புள்ள கே.,

விடுதலை செய்தது உண்மை. ‘ஒரே நாளில்’ என்பது தவறு, அது சின்னத் தவறும் இல்லை.

தாத்தா ராபர்ட் ‘கிங்’ கார்ட்டர், வர்ஜீனியாவில் பெரும் நிலப்பரப்புக்கு உரிமையாளரான ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் முகவராக நிலம் எழுதித் தரும் இடத்தில் இருந்தவர். தன் பிள்ளைகள், பேரன்கள் பேரிலும் தாராளமாக எழுதிக்கொண்டார். 1732இல் அவர் இறந்தபோது 3,00,000 ஏக்கர், சுமார் 1,000 அடிமைகள், 10,000 பவுண்டு ரொக்கம் என்று லண்டன் பத்திரிகை கணக்குச் சொன்னது. அதில் ஒரு பெரிய பங்கு பெற்ற பேரன்தான் நீங்கள் கேட்கும் மூன்றாம் ராபர்ட். நோமினி ஹால் என்ற மாளிகையில் வாழ்ந்தவர். ஏரீஸ், லியோ, லிப்ரா என்று தோட்டங்களுக்கு ராசிப் பெயர் வைத்திருந்தார். 1778இல் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அடிமைகளோடு ஒரே சபையில் அமர்ந்து வழிபட்டார்.

மனம் மாறினால் மட்டும் போதாது, சட்டம் வழிவிட வேண்டும். 1782க்கு முன் ஆளுநரும் கவுன்சிலும் அனுமதிக்காமல் வர்ஜீனியாவில் யாரும் அடிமையை விடுவிக்க முடியாது. அந்த ஆண்டு வந்த சட்டம், கையெழுத்தும் முத்திரையும் இட்ட பத்திரத்தை இரண்டு சாட்சிகளோடு நீதிமன்றத்தில் நிரூபித்தால் போதும் என்றது. ஆனால் 45 வயதைத் தாண்டியவர்கள், 21 நிறையாத ஆண்கள், 18 நிறையாத பெண்கள் ஆகியோரை விடுவித்தால் அவர்களைப் பராமரிக்கும் பொறுப்பு விடுவித்தவர் தலையில்.

கார்ட்டர் தன் அடிமைகளை விடுவித்து எழுதிய தானப் பத்திரத்தை இந்த விதியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1791 செப்டம்பர் 5 அன்று நார்தம்பர்லேண்ட் மாவட்ட நீதிமன்றத்தில் பதிவானது. 450க்கு மேற்பட்டவர்களின் பெயர், வயது, எந்தத் தோட்டம் என்று வரிசையாக இருக்கிறது. 1792 ஜனவரி தொடங்கி ஆண்டுக்கு 15 பேர், வயதில் மூத்தவர்கள் முதலில். பிள்ளைகளுக்கு ஆண் என்றால் 21, பெண் என்றால் 18. அதாவது 1791இல் 10 வயதான சிறுமிக்கு 1799இல் விடுதலை. அதே வயதுப் பையன் 1802 வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பையனின் பதினொரு ஆண்டுகளை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. ஆனாலும் தாத்தா காலத்தில் உயிலில் சொத்தாக எண்ணப்பட்ட மனிதர்கள், இங்கே விடுதலை ஆண்டைக் கணக்கிட்டுக்கொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வாஷிங்டனின் 1799ஆம் ஆண்டு உயில் விடுவித்தது 123 பேரை, அதுவும் மனைவியின் காலத்துக்குப் பிறகு என்று. கார்ட்டர் உயிரோடு இருக்கும்போதே செய்தார். எதிர்ப்பையும் உயிரோடு இருந்தே வாங்கினார். தன் வீடுதானே என்று தீ வைத்தால் அண்டை வீடும் எரியாதா என்று ஒரு பெயரில்லாக் கடிதம் கேட்டது. குடும்பத்திலும் முனகல். 1793இல் பால்டிமோருக்குப் போய்விட்டார்; அங்கிருந்து பெஞ்சமின் டாசன் என்ற பாப்டிஸ்ட் போதகருக்குப் பவர் எழுதிக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார். 1804இல் இறந்தார்.

இரண்டே ஆண்டில், 1806இல், விடுதலை பெறுபவர் 12 மாதத்துக்குள் வர்ஜீனியாவை விட்டு வெளியேற வேண்டும் என்று சட்டம் வந்தது. இதே பத்திரத்தை அதன் பிறகு எழுதியிருந்தால், பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயருக்கும் விடுதலையோடு ஊரைவிட்டுப் போகும் கெடுவும் சேர்ந்தே வந்திருக்கும்.