காமா ஓடுமா, ரேடியோ ஓடுமா? கேள்வி பதில்

நிவேதா, பிளஸ் டூ: காமா கதிருக்கு ஆற்றல் அதிகம். அப்போ ரேடியோ அலையைவிட வேகமாப் போகும்தானே சார்?

இல்லம்மா. வெற்றிடத்தில் ரேடியோ, ஒளி, காமா எல்லாத்துக்கும் வினாடிக்கு 2,99,792.458 கி.மீ.தான். ஆற்றல் கூடினால் அதிர்வெண் கூடும், வேகம் அசையாது. 2009 மே மாதம் ஃபெர்மி விண்கலம் தொலைதூர விண்வெளியில் ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்தது. 700 கோடி ஆண்டுக்கு மேல் ஓடிவந்த கதிர்கள். ஆற்றலில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தும் வந்து சேர்ந்த நேரத்தில் ஒரு வினாடிகூட வித்தியாசம் இல்லை. எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள்: எதுக்குள்ளே போகுதுன்னு சொல்லாமல் வேகம் கேட்காதீங்க.

கேபிள்காரர்: ஃபைபர்ல?

கண்ணாடிக்குள் சுமார் 2 லட்சம் கி.மீ. 3,000 கி.மீ. கேபிளைக் கடக்க 15 மில்லிவினாடி.

ரஃபி: பக்கத்து வீட்டு டிவியில் சிக்ஸர் சத்தம் முதல்ல, என் போனில் அரை நிமிஷம் கழிச்சு. ஏன்?

அலை மேல் பழி போடாதீங்க. டிஷ்ஷுக்கு வரும் சிக்னல் 36,000 கி.மீ. ஏறி இறங்கினாலும் கால் வினாடிதான். மிச்சமெல்லாம் வீடியோவைச் சுருக்குவதும் பஃபரிங்கும்.

பெயரில்லை: செல்போன் கதிர் உடம்புக்குக் கெடுதலா?

டாக்டரைக் கேளுங்க.

செல்வம், குன்னூர்: எல்லாம் ஒரே வேகம்னா, நண்டு நெபுலா பல்சரோட (வேகமாச் சுழன்று சீராத் துடிக்கும் நட்சத்திரம்) துடிப்பு ரேடியோவில் மட்டும் ஏன் பிந்தி வருது?

வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன்! விண்மீன்களுக்கு இடையில் இருப்பது சுத்த வெற்றிடம் இல்லை. அங்கே தனி எலக்ட்ரான்கள் மிதக்குது. அதிர்வெண் குறைந்த அலை அதுகளை நல்லா உலுக்கும், அதனால் தானும் தாமதிக்கும். உங்க பக்கத்திலேயே, ஊட்டி முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கே ரேடியோ தொலைநோக்கி, அது கேட்பது 327 மெகாஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் நண்டின் துடிப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட 2 வினாடிக்குக் கொஞ்சம் மேலே பிந்தும். பயணம் சுமார் 6,500 ஆண்டு!

ஐயப்பன்: அப்போ ஐன்ஸ்டீன் சொன்னது தப்புன்னு ஒத்துக்குங்க.

ஒளியின் வேகம் மாறாதுன்னு அவர் சொன்னது வெற்றிடத்துக்கு. எதுக்குள்ளே போகுது, எதுக்குள்ளே போகுது!

ஐயப்பன்: 2 வினாடின்னா 2 வினாடிதானே சார்?

ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஓடக்கூடியவங்க. ஒருத்தர் மட்டும் சேற்றில் இறங்கினார். சேற்றைத் திட்டுங்க, ஓட்டக்காரரை இல்லை.

கவின்: எக்ஸ் கதிர் வேகம்?

முதல் பதில்.

மீனா: அகச்சிவப்பு?

முதல் பதில்.

கவின்: புற ஊதா?

தம்பி, மேலே ஏறிப் படிங்க.

செல்வம்: ஐயா, அந்தத் தாமதத்தை வச்சே பல்சர் எவ்வளவு தூரம்னு கணக்குப் போடலாமே?

அதைத்தான் செய்றாங்க. ரெண்டு அதிர்வெண்ணில் துடிப்பு வரும் நேர வித்தியாசத்தை அளந்தால், வழியில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான்னு தெரியும். அடர்த்தியை ஊகிச்சு வகுத்தால் தூரம். ஊகம் பிசகினால் தூரமும் பிசகும். சேறு எல்லா இடத்திலும் ஒரே ஆழமா இருக்காதே.