வாகனம் ஓட்டாமல் டூரோ பள்ளத்தாக்குக்கு

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். வாகனம் ஓட்டத் தெரியாது. ஐரோப்பாவின் வைன் பிரதேசம் ஒன்றைத் தனியாகச் சென்று பார்க்க முடியுமா?
– வாசகி ஒருவர், ஹட்டன்

பதில்: தாராளமாக முடியும், சகோதரி. 1756 இலேயே வைன் பிரதேசமாக எல்லை வகுக்கப்பட்டு, 2001 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த போர்த்துக்கலின் டூரோ பள்ளத்தாக்கையே உங்களுக்குப் பரிந்துரைப்பேன். போர்த்தோ நகரில் புகையிரதம் ஏறினால், ஏறக்குறைய இரண்டரை மணித்தியாலத்தில் பின்யாவோ என்ற சிற்றூரை அடையலாம். போகும்போது வலப்பக்க யன்னலோரத்தில் அமருங்கள். ஆறு அந்தப் பக்கமாகவே வரும். தேயிலைச் சரிவுகளைப் பார்த்தே வளர்ந்த உங்களுக்கு, கல்லடுக்கிக் கட்டிய அந்தத் திராட்சைப் படிவரிசைகள் அந்நியமாகத் தோன்றா. பின்யாவோ நிலையச் சுவர்களில் நீல ஓடுகளில் தீட்டப்பட்டுள்ள அறுவடைக் காட்சிகளை நின்று நிதானமாகப் பாருங்கள். கொழுந்துக் கூடை சுமந்த நம் தாய்மாரின் நினைவு வராமல் போகாது.

அங்கே இரண்டு இரவுகள் தங்குங்கள். அருகிலுள்ள தோட்டங்களுக்கு நடந்தே போகலாம். மலைமேல் உள்ளவற்றுக்கு வாடகை வாகனம் தேவை. செப்டெம்பர் அறுவடைக் காலமாகையால் அறையை வெகு முன்னதாகவே பதிவுசெய்துவிடுங்கள். போர்த்துக்கல் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி கட்டாயம்.