தண்டுவடக் காயத்துக்குப் பின் வாழ்வு: கேள்விகளும் பதில்களும்

இருபத்தாறாம் வயதில் தென்னை மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டவன் நான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருபத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகக் காயமடைந்தவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் சந்தித்துப் பேசுவதே பல ஆண்டுகளாக என் வேலை. வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பைக் விபத்தில் என் தம்பி நடக்க முடியாமல் போய் மூன்று மாதமாகிறது. "எல்லாம் நன்மைக்கே, கடவுள் ஏதோ காரணத்தோடுதான் செய்திருப்பார்" என்று தேற்றினால் அவனுக்குக் கோபம் வருகிறது. வேறு என்ன சொல்வது, ஐயா? (தஞ்சாவூரிலிருந்து ஓர் அக்கா)

அம்மா, அந்தச் சொற்களை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவருடைய கோபம் நியாயமானது. தன் இழப்புக்கு மற்றவர்கள் விளக்கம் சொல்வதைப் புதிதாகக் காயம்பட்ட எவராலும் தாங்க முடியாது. அப்படி ஒரு விளக்கம் உண்டென்றால், அதை அவரே பல ஆண்டுகள் கழித்துச் சொல்லட்டும்.

இப்போது கவனிக்க வேண்டியது அவருடைய உடம்பை. படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்களா? சிறுநீர் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் முறையாக வெளியேற்றப்படுகிறதா? உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் வலி தெரியாது, தெரியவரும்போது எலும்பு வரை போயிருக்கும். படுக்கைப்புண்ணோடும் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சலோடும் கிடக்கும் ஒருவரிடம் வாழ்க்கையின் பொருளைப் பற்றிப் பேசுவது கொடுமை.

அடுத்ததாக, வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பை உண்மையாகவே அவரிடம் விடுங்கள். நான் விழுந்த ஐந்தாம் மாதம், என் அம்மா பால் கணக்கு நோட்டை என் மார்பின் மேல் வைத்துவிட்டு, "சங்கத்துக்காரர் குறைத்துப் போடுகிறார் போலிருக்கிறது, பார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். பத்து நாள் கணக்கில் இரண்டு நாள் பால் விடுபட்டிருந்தது. அன்று மாலை முதன்முறையாக நானே கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். அம்மா அதை எனக்கு ஆறுதலாகச் செய்யவில்லை, அவர்களுக்குக் கணக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அந்தத் தேவைதான் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பியது.

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்கிறார்களே, உண்மையா?

துன்பத்துக்குத் தானாக அந்தச் சக்தி இல்லை. துன்பத்தால் கசந்து போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வியன்னாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் 1942 முதல் 1945 வரை நாஜி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தவர். பெற்றோர், மனைவி, சகோதரர் ஆகியோரை அந்த ஆண்டுகளில் இழந்தவர். செய்யும் வேலையிலும், அன்பு செலுத்தும் உறவிலும், தவிர்க்கவே முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதத்திலும் மனிதன் வாழ்வின் பொருளைக் காணலாம் என்று அவர் சொன்னார். அந்த மூன்றாவதை மேற்கோள் காட்டுகிறவர்கள், "தவிர்க்கவே முடியாத" என்ற நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். நீக்கக்கூடிய துன்பத்தை நீக்குவதே முறை என்பதில் அவர் தெளிவாக இருந்தார். வங்கி வாசலில் சாய்தளம் இல்லாததால் என்னை இரண்டு பேர் தூக்கிச் செல்ல நேர்வது என்னைப் பண்படுத்தும் துன்பமன்று. அது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறும் செயல், அதை எதிர்த்து மனு எழுத வேண்டும்.

இரவில் செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

என்னிடம் சொன்னதற்கு நன்றி. எனக்கும் அந்த இரவுகள் இருந்தன. இன்றிரவே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அல்லது அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழில் பேசுவார்கள். இன்னொன்றையும் கேட்கிறேன்: உணர்வில்லாத கால்களில் நெருப்பு வைத்தது போன்ற எரிச்சல் உங்களுக்கு உண்டா? காயமடைந்த நரம்பிலிருந்து வரும் வலி அது, இரவில்தான் அதிகம் வாட்டும். சாதாரண வலி மாத்திரைக்கு அது பெரும்பாலும் அடங்காது. அதற்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன, மருத்துவரிடம் அந்த எரிச்சலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

நான் எலக்ட்ரீஷியன். இனி ஏணியில் ஏற முடியாது. கடையில் உட்கார்ந்து மிக்சி பழுது பார்க்கச் சொல்கிறார்கள், தோற்றுப்போனது போல் இருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சி பெற்றுவந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய எண்ணம், அந்த வழி அன்றோடு அடைபட்டது. அதே மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி அவற்றை மீண்டும் இயங்க வைத்துக்கொண்டிருந்தார். கையில் செய்யும் அறுவையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்து அந்த வேலையைக் கற்றார், தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்தார். பிறகு நியூயார்க்குக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரில் 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் உழைப்பில் எழுந்தது, எங்களைப் போன்றோர் எத்தனையோ பேர் அங்கிருந்து சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறோம். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவரைப் போல் நீங்களும் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரும் முதலில் இழந்ததற்காக அழுதவர்தான். கேள்வியை அவர் மாற்றிக் கேட்டார்: இந்த உடம்போடு, இந்தக் கைகளால், யாருக்கு எதைச் செய்ய முடியும்? மின்சாரம் பற்றிய உங்கள் அறிவு ஏணியில் இல்லையே. பழுது பார்க்கும் மேசையை நாற்காலியின் உயரத்துக்குச் சரியாக அமையுங்கள். அரை மணிக்கு ஒருமுறையாவது கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்குங்கள். வேலையில் மூழ்கினால் இது மறந்துபோகும், புண் வந்துவிடும்.

என் கணவருக்குக் கழுத்தில் காயம். ஏழு வருடமாக நான்தான் எல்லாம். வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் விசாரிக்கிறார்கள். நான் சுயநலமாக எழுதுகிறேனா, அண்ணா?

இல்லை, தங்கை. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிம்மதி. பராமரிக்கிறவருடைய துன்பத்தைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். இரவில் மூன்று முறை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கும் ஒருவருக்குப் பாராட்டு வேண்டாம், தூக்கம் வேண்டும். என் அம்மாவின் முதுகு வளைந்துபோனதை நான் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் கவனித்தேன், அந்த வருத்தம் எனக்கு இன்றும் தீரவில்லை.

உங்கள் கொழுந்தனாருக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ புரட்டும் முறையையும் சிறுநீர்க் குழாய் மாற்றும் முறையையும் செவிலியரை வைத்துக் கற்றுக்கொடுங்கள். கழுத்துக் காயம் என்பதால் ஒன்றை அவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்: திடீரென்று தலைவலியும் முக வியர்வையும் வந்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்று பொருள், உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடங்காவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பேர் இதைக் கற்றுக்கொண்டால் வாரத்தில் ஒரு மாலை உங்களுக்குக் கிடைக்கும். திருமணத்துக்கு முன் தையல் வகுப்பு நடத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாலையில் முதலில் தூங்குங்கள். சில வாரம் கழித்து, இயந்திரத்தின் மேலிருக்கும் துணியை எடுத்துப் பார்க்கலாம்.