டின்னருக்கு ஏன் இரண்டு 'என்'?

மூன்றாம் வகுப்புப் பையன் டின்னர் (dinner) என்ற ஆங்கிலச் சொல்லை ஒரே 'என்' (n) போட்டு எழுதுகிறான், எப்படிப் புரியவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதியைச் சொல்லாதீர்கள், 'ஹீ' (he) என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுங்கள். 'ஈ' (e) எழுத்துக்குப் பின்னால் மெய் இல்லை; கதவு திறந்திருக்கிறது, உயிர் தன் பெயரையே நீட்டிச் சொல்கிறது. கடைசியில் 'என்' சேருங்கள். 'ஹென்' (hen)! கதவு மூடியது, நெடில் குறிலாகிவிட்டது. குறில் நெடில் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அப்புறம் டின்னர். ஒரே 'என்' என்றால் அது அடுத்த அசைக்குப் போய்விடும். முதல் அசை திறந்து 'டைனர்' (diner) ஆகிவிடும். அது சிறு உணவகம்! இரண்டு இருந்தால் ஒன்று கதவை மூடும், மற்றது அடுத்த அசையைத் தொடங்கும்.

ஆனால் 'ரிவர்' (river) போன்ற சில சொற்கள் ஒற்றை 'வி' (v) இருந்தும் குறிலாகவே ஒலிக்கும். ஆங்கிலம் 'வி'யை அபூர்வமாகத்தான் இரட்டிக்கும். இப்படிப்பட்ட சொல் வந்தால் நெடிலாக வாசித்துப் பார்த்து, பொருள் வராவிட்டால் குறிலாக வாசிக்கச் சொல்லுங்கள்.