சாவியை எடுத்தால் ஸ்டேஷன் அழிகிறதா? மஞ்சள் வயரைப் பாருங்கள்

பழைய மாருதி 800-ல் புது ஸ்டீரியோ போட்டதிலிருந்து, வண்டியை அணைக்கும்போதெல்லாம் நேரமும் எஃப்எம் ஸ்டேஷன்களும் அழிந்துபோகின்றன என்கிறீர்கள். அவசரப்பட்டு செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், இது பெரும்பாலும் வயரிங் தப்புதான். செட்டின் மஞ்சள் வயருக்கு எப்போதும் 12 வோல்ட் வர வேண்டும், நினைவில் வைப்பதெல்லாம் அதை நம்பித்தான். சிவப்புக்கு சாவியைத் திருப்பினால் மட்டும் வந்தால் போதும். உங்களுக்கு இரண்டும் சாவி வழியாக வருகிறது, இல்லையென்றால் இடம் மாறியிருக்கிறது.

வண்டிப்பக்க வயரின் நிறத்தை நம்பவே நம்பாதீர்கள், இத்தனை வருடத்தில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வெறும் இரும்பு தெரியும் இடத்தில் வைத்து, சாவி இல்லாமலே 12 காட்டும் வயரைத் தேடுங்கள். அப்புறம் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, ஃபியூஸ் வைத்து மஞ்சளோடு சேருங்கள். முறுக்கி டேப் சுற்றினால் வெயிலில் பசை இளகிவிடும், சால்டர் செய்வது நல்லது.

ஸ்பீக்கரையும் பாருங்கள். சில பழைய வண்டிகளில் அதன் மைனஸ் பாடியில் எர்த் ஆகியிருக்கும். புது செட்டுக்கு அது ஆகாது, உள்ளே ஆம்ப் ஐசி (ஒலியைப் பெருக்கும் சிப்) போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரையும் செட்டிலிருந்து நேராக இழுங்கள்.